தட்டினால் வேலை செய்யும்



பாசையூர்த் தம்பியின் பேஸ் அம்பிளிபயர் என்னவாயிற்று என்று சந்தியிலும் பள்ளிக்கூட வாசலிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிப் போடுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் வீட்டில், கோயிலில், தேவாலயத்தில், பள்ளிவாசலில் அம்பிளிபயர் வைத்திருக்கிறவர்கள் கடைசிவரை வாசியுங்கள். ஒரு பழைய பெட்டியைத் திருத்தின கதைதான் இது. ஆனால் அந்தப் பெட்டியால் ஒரு உயிர் போயிருக்கலாம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது மூன்று பேரை. ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், இதை எழுதுகிற கை அவருடையது. மற்றவர் கொழும்புத்துறையில் இருக்கும், எழுபது வயது தாண்டிய ரேடியோ திருத்துகிற ஐயா. மூன்றாமவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி.

"ஒரு முஸ்லிம் வாத்தியாருக்கு கிட்டார்ப் பெட்டியோட என்ன வேலை சேர்?" என்று சிலர் பகிடியாகவும் சிலர் உண்மையாகவும் கேட்டார்கள். இசையைப் பற்றி எங்கள் சமூகத்தில் பல கருத்துகள் உண்டு. அந்த விவாதத்துக்கு இந்தப் பதிவு இடமில்லை. அயலவனின் உழைப்புக்கு உதவுவதில் இரண்டு கருத்து இல்லை. பாங்கு சொல்லும் அம்பிளிபயரும், திருப்பலி சொல்லும் அம்பிளிபயரும், கோயில் திருவிழா அம்பிளிபயரும் பழுதாகிற விதமும் ஒன்றுதான்.

முதலில் பெட்டியைப் பற்றி. கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் கப்பலில் அனுப்பினது. 1970களில் இங்கிலாந்தில் செய்த வால்வு அம்பிளிபயர், 100 வாற். பின்பக்கத்தில் ஈஎல் 34 என்ற பெரிய வால்வுகள் நான்கு, முன்பக்கத்தில் ஈசிசி 83 என்ற சின்ன வால்வுகள் மூன்று. தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இளம் ஆட்களுக்கு வால்வு என்றால் என்னவென்று தெரியாது. காற்றில்லாத கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு இழை சூடாகி, கதோட்டிலிருந்து இலத்திரன்களைப் பறக்கவிடுகிறது. அவை அனோட்டுக்குப் போகிற வழியில் கிறிட் என்ற கம்பிவலை நிற்கிறது. கிட்டாரிலிருந்து வருகிற சின்ன வோல்ற்றளவு அந்தக் கிறிட்டுக்குப் போய், பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தண்ணீர்க் குழாயின் திருகை விரலால் திருப்புகிற மாதிரி. 1906இல் லீ டி ஃபொரஸ்ட் இந்தக் கிறிட்டை வைத்தார். அதன் பிறகுதான் வானொலியும் ஒலிபெருக்கியும் வளர்ந்தன. கொழும்பு வானொலி 1925 டிசெம்பர் 16இல் தொடங்கியது. பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கழற்றித்தான் அதன் ஒலிபரப்புக் கருவியைத் தந்தித் திணைக்களத்தார் பூட்டினார்கள் என்பது இலங்கை வானொலி வரலாற்றில் சொல்லப்படுகிற செய்தி. பழையதைக் கழற்றிப் புதிதாய்ப் பூட்டுவது எங்கள் நாட்டுக்குப் பழக்கமில்லாத வேலை இல்லை.

பேஸ் கிட்டார் அதற்குப் பிந்தியது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் மின் பேஸ் கிட்டாரையும், 1952இல் அதற்கென்று பாஸ்மன் அம்பிளிபயரையும் விற்பனைக்கு விட்டார். 1969இல் அம்பெக் கம்பனி 300 வாற் வால்வு அம்பிளிபயரைக் கொண்டுவந்தது. ஏன் இவ்வளவு வாற்? நான்கு தந்தி பேஸின் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு 41 தடவைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஒரு மண்டபம் முழுக்கக் கேட்கச் செய்ய நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே"யும் ஏ.ஈ. மனோகரனின் "சுராங்கனி"யும் ஒலித்த காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டு மறந்தாலும் நெஞ்சில் இடித்த அந்தத் தாளம் மறக்காது.

இனிப் பழுது.

தம்பியின் கோஷ்டிக்குக் கலியாண வீடுகள், பிறந்தநாள்கள், யூன் மாதத்து அந்தோனியார் திருவிழாக் காலம் என்று வருடத்தில் சில மாதங்கள்தான் உழைப்பு. பெட்டி மேடையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் நன்றாக வேலை செய்யும். பிறகு "கர்ர்" என்று இரைச்சல் வரும், சத்தம் பாதியாக இறங்கும். மேலே ஒரு தட்டுத் தட்டினால் திரும்பி வரும். சில நாள் முழு இரவும் ஒன்றும் நடக்காது, சில நாள் மூன்று தடவை நடக்கும். இரண்டு கலியாண வீட்டில் முழுக்காசு தரவில்லை. திருத்துகிற ஒரு இடத்தில் கொடுத்தார், "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடியும் அதே பதில். காசு மட்டும் இரண்டு தடவை போனது. புதுப் பெட்டிக்கு லீசிங் எடுக்கத் தாயின் சங்கிலியை அடகு வைக்கப் போவதாகச் சொன்னபோதுதான், "பொறு தம்பி, ஐயாவிட்ட ஒருக்கால் காட்டுவம்" என்றோம்.

ஐயா பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கொப்பியைத் திறந்தார்.

"எத்தினை மணிக்குப் போட்டனீர்? எத்தினை மணிக்குக் கரகரத்தது? பெட்டி ஸ்பீக்கருக்கு மேலயோ, நிலத்திலயோ? கரண்டோ, ஜெனரேற்றரோ? தட்டினது எந்தப் பக்கம்?"

தம்பிக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்தபோது ஒரு விசயம் தெரிந்தது. பழுது வந்த எல்லா நாளும் பெட்டி ஸ்பீக்கர்ப் பெட்டிக்கு மேலே இருந்திருக்கிறது, போட்டு இருபது நிமிடம் கழிந்திருக்கிறது. வராத நாட்களில் பெட்டி பக்கத்தில் கதிரையில் இருந்திருக்கிறது. அப்படியானால் இது சூடும் அதிர்வும் சேர்ந்து வருகிற பழுது. மேசையில் தனியாக வைத்து, காற்றாடிக்குக் கீழே, மெல்லிய சத்தத்தில் பத்து நிமிடம் பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்? காய்ச்சல் விட்ட நேரத்தில் பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோன மாதிரி.

விட்டு விட்டு வருகிற பழுதைத் திருத்த முதல் வேலை அதை வரவழைப்பது. வராத பழுதைத் தேடமுடியாது.

அடுத்து, ஐயா பின்பலகையில் இருந்த பியூஸைக் கழற்றினார். இந்தப் பெட்டியில் இரண்டு பியூஸ். ஒன்று வீட்டு மின்சாரம் வருகிற இடத்தில், மற்றது உள்ளே உயர் வோல்ற்றளவுப் பக்கத்துக்கு. இரண்டாவது பியூஸின் கண்ணாடிக் குழாயைச் சுற்றிச் செப்புக் கம்பி இழைகள் முறுக்கி இருந்தன.

அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

"முந்தி அடிக்கடி பியூஸ் போகும் ஐயா. பிறகு போகேல்லை" என்றார் தம்பி.

"போகாது தம்பி. சொல்லவந்தவன்ர வாயைப் பொத்தியாச்சு."

யார் முறுக்கினார் என்று நாங்கள் தேடவில்லை. பெட்டி எத்தனையோ கைமாறி வந்தது. பிறகு பிளக்கைத் திறந்தோம். மூன்று முனைப் பிளக்தான், ஆனால் மண்ணுக்குப் போகும் பச்சை மஞ்சள் வயர் வெட்டி விடப்பட்டிருந்தது. "ங்ங்" என்ற இரைச்சலை நிறுத்த யாரோ செய்த வேலை. நிறையப் பேர் செய்கிறார்கள், இரைச்சலும் குறைகிறது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு வயர் இரும்புச் சட்டத்தில் முட்டினால், அந்தச் சட்டம், கிட்டார்த் தந்தி, வாசிக்கிறவரின் கை எல்லாம் 230 வோல்ற்றில் நிற்கும். அவர் மண்ணோடு தொடர்புள்ள மைக்கில் உதட்டை வைத்தால் உடம்பே வயர். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரத்தில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்க் கலைஞர் மேடையிலேயே, சரியாக மண் இணைக்காத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டில், மண் இணைப்புச் சரியில்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். தம்பி வாசித்துக்கொண்டே பாடுகிறவர். அதை நினைத்துத்தான் நாங்கள் கதைக்காமல் இருந்தோம்.

அன்றைக்குப் பழுது தேடவில்லை. மண் வயரைப் பூட்டி, பின்பலகையில் அச்சடித்திருந்த அதே அளவுப் புதுப் பியூஸ் போட்டதோடு முடித்தோம்.

அடுத்த சனிக்கிழமை ஐயா தன் "சீரீஸ் பல்ப்" பலகையை எடுத்தார். பழைய திருத்துநர்கள் எல்லோரிடமும் இது இருந்தது. மின்சாரம் 100 வாற் குண்டு பல்ப் ஒன்றினூடாகத்தான் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்ப் முழுதாக எரியும், பெட்டி தப்பும். நல்ல பெட்டியென்றால் முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கும். எல்ஈடி பல்ப் இதற்குச் சரிவராது, இழை உள்ள பழைய பல்ப்தான் வேண்டும். எங்கள் பல்ப் மங்கியது. பெரிய கோளாறு இல்லை, ஒளிந்திருக்கிற கோளாறுதான்.

பிறகு வெளியிலிருந்து உள்ளே வந்தோம். கிட்டாரை மாற்றினோம், கிட்டார் வயரை மாற்றினோம், ஸ்பீக்கர் வயரை மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. இது எங்கள் வகுப்பில் பரிசோதனை செய்யும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற அதே பாடம். பழுது போகவில்லை. ஆக, பெட்டிக்குள்தான்.

பெட்டியை ஸ்பீக்கருக்கு மேலேயே வைத்தோம். கிட்டாருக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றால் 41 ஹேட்ஸ் ஒலியை விட்டோம். யன்னல் கண்ணாடி நடுங்கியது. அயல் வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார், மன்னிக்கவேண்டும் அம்மா. இருபத்திரண்டாம் நிமிடம் "கர்ர்" வந்தது. நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். பழுது வந்ததற்குக் கை தட்டிய ஆட்களை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள்.

இனி எந்தப் பாதி? பழைய ரேடியோ ஒன்றின் ஒலிப்பகுதியையும் ஸ்பீக்கரையும், உயர் வோல்ற்றளவு தாங்கும் ஒரு கொள்ளளவியையும் வைத்து ஐயா ஒரு "கேட்கும் கருவி" செய்து வைத்திருக்கிறார். பெட்டியை அணைத்து, மின்னேற்றத்தை இறக்கி, அதன் முனையை முன்பாதியின் முடிவில் கொளுவினோம். மறுபடி போட்டோம். அடுத்த தடவை பெட்டி கரகரத்தபோது ஐயாவின் சின்ன ஸ்பீக்கரில் ஒலி சுத்தமாகவே வந்தது. ஆகவே ஈசிசி 83 வால்வுகள், சத்தம் கூட்டும் திருகுகள், கிட்டார் செருகும் துளை எல்லாவற்றுக்கும் விடுதலை. குற்றவாளி பின்பாதியில். ஒரே சோதனையில் பாதிப் பெட்டி கழிந்தது.

பின்பாதியில் நான்கு ஈஎல் 34. ஒவ்வொன்றின் கதோட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் 1 ஓம் தடையி வைத்தோம். அதன் குறுக்கே 1 மில்லிவோல்ற் என்றால் அந்த வால்வில் 1 மில்லிஅம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். ஓமின் விதி, சாதாரணதரத்தில் படித்ததுதான். ஒலி இல்லாத நேரத்தில் நான்கும் 36, 37 என்று காட்டின. ஒலியை விட்டு, கரகரப்பு வந்த உடனே ஒலியை நிறுத்தி அளந்தபோது மூன்று வால்வு அப்படியே நின்றது, மூன்றாவது வால்வு மட்டும் 150க்கு மேல் பாய்ந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தோம். அந்த வால்வின் உள்ளே அனோட்டுத் தகடு சிவந்து கொண்டிருந்தது.

"வால்வு போச்சு" என்றார் தம்பி. அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஐயா பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, மூன்றாவதையும் முதலாவதையும் இடம் மாற்றிப் போட்டார். மறுபடி இருபது நிமிடம். சிவந்தது பழைய வால்வில்லை, மூன்றாவது இடத்துக்கு வந்த வால்வு. ஆளில் குற்றமில்லை, கதிரையில்தான் குற்றம்.

பெட்டியைக் கவிழ்த்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்தப் பெட்டிகளுக்குள் 450 வோல்ற்றுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கொள்ளளவிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஐயா ஒரு தடையியால் மெதுவாக இறக்கி, மீற்றரால் பார்த்து, மறுபடி பார்த்து, அதன் பிறகுதான் கை வைத்தார். அதுவும் ஒரு கை. மற்றக் கை முதுகுக்குப் பின்னால். இரண்டு கையும் தொட்டால் மின்சாரம் நெஞ்சினூடாகப் போகும்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, மூன்றாவது சொக்கட்டின் ஐந்தாம் முனையில் ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு வளையம் தெரிந்தது. ஈயம் இருக்கிறது, பிடிப்பு இல்லை. ஈஎல் 34இல் ஐந்தாம் முனைதான் கிறிட். அதனூடாகத்தான் "இவ்வளவுக்கு மேல் ஓடாதே" என்று வால்வை அடக்கி வைக்கும் எதிர் வோல்ற்றளவு வருகிறது. சூட்டில் உலோகம் விரிய, 41 ஹேட்ஸ் உலுப்ப, அந்த வளையம் விடுபடும். கடிவாளம் அறுந்த வால்வு தறிகெட்டு ஓடும், மற்ற மூன்றுக்கும் போகவேண்டிய வோல்ற்றளவை இழுத்துவிடும், சத்தம் இறங்கும். தட்டினால் ஒட்டும், சத்தம் திரும்பும். கணக்கு எல்லாம் சரியாக வந்தது. முந்தி பியூஸ் போனதும் இதனால்தான். பியூஸ் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதன்மேல் செப்புக் கம்பி சுற்றியபிறகு, பழுது அப்படியே இருந்து, பாதுகாப்பு மட்டும் போயிருக்கிறது. இன்னும் சில மாதம் போயிருந்தால் உள்ளே இருக்கும் பெரிய ரான்ஸ்போமர் எரிந்திருக்கும், அல்லது மேடைச் சேலை பற்றியிருக்கும்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, முனையைச் சுரண்டி, புது ஈயம் வைத்தோம். எங்கள் கடனீரேரிக் காற்றில் உப்பு அதிகம், சொக்கட் முனைகள் எல்லாம் கறுத்திருந்தன. அவற்றையும் துப்புரவாக்கினோம். செலவு ஒரு சாண் ஈயமும் ஒரு பியூஸும்.

ஆனால் "சரி" என்று சொல்ல இன்னும் ஒரு கிழமை எடுத்தோம். விட்டு விட்டு வரும் பழுது ஒரு நாள் வராவிட்டால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இருபது நிமிடத்தில் வருகிற பழுது என்றால், இரண்டு மணித்தியாலம், அதே இடத்தில், அதே சூட்டில், பல நாள் வராமல் இருக்கவேண்டும். ஏழு இரவும் கொப்பியில் "இல்லை" என்று எழுதினோம். பிறகுதான் தம்பி தூக்கிக்கொண்டு போனார். சங்கிலி தாயின் கழுத்திலேயே இருக்கிறது.

ஐயாவைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990இல் இங்கே மின்சாரம் நின்ற பிறகு, பற்றரிகூடத் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. அந்த வருடங்களில் மீற்றர் ஒன்றையும் ஈயம் உருக்கும் அயனையும் வைத்துக்கொண்டு எத்தனையோ ரேடியோவை உயிர்ப்பித்தவர் இவர். அயனை அடுப்புத் தணலில் சூடாக்கினாராம். அது சோனகதெருவில் எங்கள் ஆட்களின் இரும்புக்கடை ஒன்றில் வாங்கினது. அதே 1990 ஒக்ரோபர் 30இல் எங்கள் ஆட்கள் கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களில் ஒருவர் புத்தளத்தில் வளர்ந்தது அப்படித்தான். அந்தக் கடை இப்போது இல்லை. அயன் இருக்கிறது, ஐந்தாம் முனைக்கு ஈயம் வைத்தது அதுதான். ஐயா இதைச் சொன்னபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை, ஈயத்தை நேராகப் பிடித்துக் கொடுத்தோம்.

இப்போது பழுதானதைத் திருத்துவதை விட மாற்றுவது லேசு என்கிறார்கள். பல சாமானுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் பிள்ளைகள் சுற்று வரைபடத்தைப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள், ஒரு பியூஸைக் கழற்றிப் பார்த்ததில்லை. ஐயா மாதிரி ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம்.

கடைசியாக, தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள்:

1. உங்கள் அம்பிளிபயரின் பியூஸை இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். கம்பி, சிகரெட் ஈயத்தாள் இருந்தால் அன்றோடு பாவிப்பதை நிறுத்துங்கள். எழுதியிருக்கும் அளவை விடக் கூடிய பியூஸும் போடவேண்டாம்.

2. மண் வயரை வெட்டவேண்டாம். இரைச்சல் வந்தால் ஒலி வயர்ப் பக்கம் திருத்துங்கள், அதற்கென்று டிஐ பெட்டி விற்கிறது.

3. மேடைக்கு மின்சாரம் எடுக்கும் இடத்தில் 30 மில்லிஅம்பியர் ரிப் சுவிச் இருக்கட்டும். ஜெனரேற்றர் என்றால் மண் இணைப்பைத் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

4. வால்வு அம்பிளிபயரை ஸ்பீக்கர் கொளுவாமல் போடவேண்டாம். ஸ்பீக்கருக்குக் கிட்டார் வயரைப் பாவிக்கவேண்டாம்.

5. வால்வுப் பெட்டியைப் பழகாதவர் திறக்கவேண்டாம். வெளி வயர்களை மாற்றிப் பார்ப்பதும் கொப்பியில் எழுதுவதும் எல்லோரும் செய்யலாம். திருத்துகிறவரிடம் அந்தக் கொப்பியோடு போனால் பாதி வேலை முடிந்தது.

6. "தட்டினால் வேலை செய்யும்" என்ற எந்தச் சாமானையும் நம்பவேண்டாம். தட்டி வேலை செய்வது பழுது குணமானதற்கு அடையாளம் இல்லை, எங்கோ ஒரு பிடிப்பு விட்டுப்போனதற்குச் சாட்சி.

சனிக்கிழமைகளில் பின்னேரம் ஐயாவின் விறாந்தையில் நாலைந்து பிள்ளைகளோடு இந்த வேலையைப் பழக்கத் தொடங்கியிருக்கிறோம். காசு இல்லை. பொம்பிளைப் பிள்ளைகளும் வரலாம், பெற்றோரும் கூட வந்து இருக்கலாம். வீட்டில் எறியக் கிடக்கும் பழைய ரேடியோ இருந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காமல் அங்கே கொண்டுவந்து தாருங்கள். திருவிழாக் காலம் வருகிறது, கந்தூரிக் காலமும் வருகிறது. எல்லா ஊர் ஒலிபெருக்கிக்காரருக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.